நீர்க்கட்டி என்றுதான் சொல்லியிருந்தேன்

உட்காருங்கள் அண்ணா, காலிதான். பையை எடுத்துவிடுகிறேன். ஆமாம், பழனிக்குத்தான். முடியைப் பார்த்துக் கேட்கிறீர்கள். கரூரில் கண்டக்டர் கேட்கக்கூட இல்லை, என் தலையைப் பார்த்தார், பழனி என்று அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வருஷமாக வளர்க்கிறேன். இன்னும் பழகவில்லை. காற்றடித்தால் கண்ணில் விழுகிறது. ஆபீஸில் எங்கள் சூப்பரின்டெண்டென்ட், "பூபதி, ஆடிட்காரங்க வர்ற அன்னைக்கு மட்டும் ஒரு ரப்பர் பேண்டு போட்டுக்கப்பா, புதுசா வந்த டைப்பிஸ்ட் அம்மான்னு நெனச்சுக்கப் போறாங்க" என்பார். விஷயம் தெரிந்த பிறகு அந்தக் கிண்டலை விட்டுவிட்டார். விட்டதும் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கிண்டலே பரவாயில்லை.

முன்னால் பச்சைப் புடவை, மடியில் கூடை வைத்திருக்கிறாரே, அவர் என் அத்தை. வாணியின் அம்மா. வாணி என் மனைவி. கோகிலவாணி. முந்தின தையில் இறந்துவிட்டாள். இருபத்தாறு வயது. கேன்சர். பாருங்கள், இப்போது இந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது. அவள் இருந்தவரைக்கும் ஒரு தரம்கூட என் வாயில் வந்ததில்லை.

ஒன்றாகத்தான் பஸ் ஏறினோம். அவர் முன்னால் போய் உட்கார்ந்தார், நான் பின்னால் வந்துவிட்டேன். ஒரு வாரமாகப் பேச்சில்லை. வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். வாணிக்கு உடம்பு முடியாதபோது பார்த்துக்கொள்ள வந்தவர், அப்படியே இருந்துவிட்டார். ஒரே பெண். எங்கே போவார்? சோறாக்கி மூடி வைத்திருப்பார். நான் மெஸ்ஸில் தின்றுவிட்டு வருவேன். மறுநாள் காலையில் அவர் அதில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார். இப்படியே ஒரு வாரம்.

சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னார். "வாணிக்கு எல்லாம் தெரியும் மாப்ள. உங்களுக்காகத் தெரியாத மாதிரி இருந்தா." அவ்வளவுதான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

உங்களைப் பார்த்தால் நாலும் தெரிந்தவர் மாதிரி இருக்கிறீர்கள். முதலில் இருந்து சொல்கிறேன். எதையும் விடாமல் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று. தெரியாது. தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொருத்தர் வாயால் கேட்டால் நன்றாக இருக்கும்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். முதல் பட்டதாரி என்று சர்டிபிகேட்டே கொடுத்திருக்கிறார்கள். அதனால் இங்கிலீஷில் எது வந்தாலும் என் கைக்கு வந்துவிடும். பேங்க் லெட்டர், மாத்திரை அட்டை, அண்ணன் மகள் பள்ளிக்கூடத்து டைரி. கொடுத்துவிட்டு யாரும் காகிதத்தைப் பார்க்க மாட்டார்கள். என் மூஞ்சியைப் பார்ப்பார்கள். நான் படித்தது பிசிக்ஸ். மூஞ்சியை எப்படி வைத்துக்கொள்வது என்று அதில் எங்கேயும் இல்லை.

ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்றைக்கும் அப்படித்தான். வராந்தாவில் நின்று படிக்கிறேன். அத்தை ஒரு பக்கம், வாணி ஒரு பக்கம், இரண்டு பேரும் என் மூஞ்சியைப் பார்க்கிறார்கள். பாதி வார்த்தை புரியவில்லை. புரிந்த பாதி போதுமாக இருந்தது. "நீர்க்கட்டி" என்றேன்.

"எங்க சித்தி மகளுக்கு இருந்துச்சே, அதுங்களா?" என்றாள் வாணி.

"அதேதான்."

"அப்புறம் ஏனுங்க உங்க கை இந்த ஆட்டம் ஆடுது?"

"காலையில சாப்பிடல. அதான்."

உடனே பையில் இருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தே கையில் கொடுத்தாள். நம்பிவிட்டாள் அண்ணா. நம்பவில்லை என்றால் நோண்டி நோண்டிக் கேட்டிருப்பாள். கேட்கவே இல்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

டாக்டரைத் தனியாகப் பார்த்து, அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். "படிச்ச பையன் நீ, நீயே இப்படிச் சொல்றியே" என்றார். படித்ததனால்தான் சொல்கிறேன், படித்துப் பார்த்ததை நான் ஒருத்தன் சுமந்தால் போதாதா என்று நினைத்தேன். சொல்லவில்லை. எங்கள் பக்கம் நோயாளியிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பக்கமும் அப்படித்தானே? பார்த்தீர்களா.

அத்தையிடம் மட்டும் சொன்னேன். பைப்படியில் குடத்தோடு நின்றார். அப்படியே கீழே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மூஞ்சியைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், "கண்ணு, தோசை ஊத்தட்டுமா?" என்று கேட்டார். அந்த அளவுக்கு நாங்கள் ஜாக்கிரதை.

ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டடத்து வாசலில் பெரிய போர்டு இருக்கும். தமிழில்தான், புற்றுநோய்ப் பிரிவு என்று. வாணி ப்ளஸ் டூ. அதனால் கேன்டீனைச் சுற்றிப் பின்வழியாகக் கூட்டிப்போவேன். நல்ல தூரம். வயிற்றில் நீர் கோத்து வீங்கியிருந்தது, நடக்க முடியாது. நின்று நின்று வருவாள். "இந்தப் பக்கம் காப்பி வாசம் நல்லா இருக்குதுங்க" என்பாள். உள்ளே மற்ற பெண்களெல்லாம் மொட்டைத் தலையோடு இருப்பார்கள். அவர்கள் வேறு கேஸ், இந்த ஹாலில்தான் நல்ல மிஷின் இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். சரிங்க என்றாள்.

ஒரு நாள் நான் மருந்து வாங்கப் போய் நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் ஹாலில் இல்லை. தேடிக்கொண்டு ஓடுகிறேன், முன்வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறாள். நேர் மேலே அந்தப் போர்டு.

"இங்க ஏன் வந்த?"

"இங்கதானுங்க நெழலா இருந்துச்சு."

எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாணி எப்போதும் அப்படித்தான், நடந்தால்கூடத் தரையைப் பார்த்துத்தான் நடப்பாள்.

நாங்கள் இருப்பது லைன் வீடு, வரிசையாக இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஒரே பைப். எதிர்வீட்டு ருக்குமணியக்கா வயிற்றைப் பார்த்துவிட்டு, "என்ன வாணி, விசேஷமா? சொல்லவே இல்ல?" என்று கேட்டுவிட்டார். நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை. வாணி சிரித்துக்கொண்டு, "விசேஷமெல்லாம் சோத்துக்குத்தானுங்க்கா, எங்கம்மா வந்ததுல இருந்து வளைச்சுக் கட்டறேன்" என்றாள். அந்த அக்காவும் சிரித்துவிட்டுப் போனார். இப்படி ஒருத்தியால் எப்படிச் சிரிக்க முடியும், தெரிந்திருந்தால்?

அப்புறம் முடி. வாணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. தலையணை உறை, படுக்கை விரிப்பு. ஒரு ரோல் துணியில் எத்தனை உறை வரும், ஓரம் மடிக்க எவ்வளவு போகும் என்று சூப்பர்வைசர் போனில் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் சொல்லிவிடுவாள். மிஞ்சவும் மிஞ்சாது, பத்தாமலும் போகாது. அவள் கம்பெனியில் இருந்து எடுத்துவந்த உறைதான் வீட்டில் எல்லாத் தலையணைக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் உறை முழுக்க முடி. டிரிப்ஸில் ஏற்றுகிற மருந்தின் சூடு என்று சொன்னேன்.

அத்தைதான் அந்த யோசனையைச் சொன்னார். "எப்படியும் கொட்டத்தான் போகுது மாப்ள. கொட்டறதுக்கு முன்னால முருகனுக்குக் குடுத்துட்டு வந்துரலாம். லைன்ல கேட்டா வேண்டுதல்னு சொல்லிக்கலாம்." நல்ல யோசனைதான். மொட்டை போட்டால் எங்கள் ஊரில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். என்ன வேண்டுதல் என்றுதான் கேட்பார்கள்.

கிளம்பும்போதே ருக்குமணியக்கா கேட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வாணி சொன்னாள்: "இவருக்கு கவர்மெண்ட் வேலை கெடைக்கோணும்னு நேந்திருக்கேனுங்க்கா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாணிக்குப் பொய் வராது. சினிமாவுக்குப் போய்விட்டுக் கோயிலுக்குப் போனேன் என்று சொல்லக்கூடத் தெரியாது. அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

இதே பஸ்தான். மண்டபத்தில் மொட்டை போடுகிறவர், "சாமிய நெனச்சுக்கம்மா, வேண்டுனத மனசுக்குள்ள சொல்லிக்க" என்றார். வாணி கண்ணை மூடிக்கொண்டாள். நிறைய நேரம் மூடியிருந்தாள். பின்னலை அறுத்து வைத்தபோதுகூடத் திறக்கவில்லை. முடிந்து தலையில் சந்தனம் தடவிக்கொண்டு என்னிடம் வந்து, "இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா நடந்தா என்னைய உங்க தம்பீம்பாங்க" என்றாள். அத்தை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஞ்சில் மலை ஏறி சாமி பார்த்தோம். வெளியே வந்து பிரகாரத்தில் உட்கார்ந்ததும் கேட்டாள், "நீங்க என்னங்க வேண்டுனீங்க?"

நான் என்ன கேட்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். "வேலைதான்" என்றேன்.

"நானும் அதேதான். ரெண்டு பேரு ஒண்ணையே கேட்டா குடுக்காம எங்க போவாரு?"

பாருங்கள், அங்கேயே போய்விட்டது என் சந்தேகமெல்லாம். சாவு பக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்தவள் சாமி முன்னால் போய் நின்று புருஷனுக்கு வேலை கொடு என்றா கேட்பாள்? என்னைக் காப்பாற்று என்றல்லவா கேட்பாள்? தனக்கென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்ததனால்தானே? அத்தையிடம் இதைச் சொன்னேன். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போய்விட்டார்.

ஆடியில் கவர்மெண்ட் வேலைக்குப் பரீட்சை. முந்தின நாள்தான் டிரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். எழுந்திருக்க முடியவில்லை, ஒரே வாந்தி. நான் எழுதப் போகவில்லை என்றேன். "மொட்டையும் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன், நீங்க எழுதவே இல்லீன்னா முருகன் எதைத் திருத்தி மார்க் போடுவாரு?" என்றாள். சட்டையை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். தெரிந்தவள் அப்படி அனுப்புவாளா? பக்கத்திலேயே இரு என்பாளா மாட்டாளா?

அவளுடைய தையல் மிஷினை எடுத்துப் பக்கத்து லைன் பெண்ணுக்குக் கொடுத்தாள். சரி, உட்கார முடியவில்லை, சும்மா கிடக்கிறது, கொடுத்தாள். எனக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். சரி, அத்தைக்கு ஓய்வு வேண்டாமா. இதையெல்லாம் சேர்த்துவைத்து இப்போது அத்தை வேறு மாதிரி பார்க்கிறார். சேர்த்துவைத்தால் எதுவும் எது மாதிரியும் தெரியும்.

தையில் முடிந்துவிட்டது. அதை விடுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், அதுதான் முக்கியம். கடைசியில் பேச்சு சரியாக வரவில்லை. நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் அழுதேன். என் கையைப் பிடித்து, "நீர்க்கட்டிதானுங்க. சரியாப் போயிரும்" என்றாள்.

கேட்டீர்களா? நீர்க்கட்டி என்றாள். நான் சொன்ன அதே வார்த்தை. கடைசி வரைக்கும் அதையே நம்பிக்கொண்டு, எனக்கே தைரியம் சொல்லிவிட்டுப் போனாள். இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அண்ணா ஒரு வருஷமாகத் தூங்குகிறேன். அவள் வலியில் போனாள், சரி. பயந்து போகவில்லை. அந்தப் பயத்தை நான் வாங்கிக்கொண்டேன். என்னால் அவளுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். நகை போடவில்லை, நல்ல வீட்டில் வைக்கவில்லை. இதைச் செய்தேன். அதையும் இல்லை என்று அத்தை சொன்னால் எப்படி?

பங்குனியில் வேலை வந்துவிட்டது. இளநிலை உதவியாளர். ஆர்டரை வைத்துக்கொண்டு நிற்கிறேன், ருக்குமணியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார், "வாணி வேண்டுதல் பலிச்சிருச்சு பாரு தம்பி." லைன் முழுக்க அதே பேச்சு. ஒப்புக்குச் சொன்ன வேண்டுதல். ஊர் வாயை அடைக்கச் சொன்னது. சாமி அதை எடுத்துக்கொண்டு, நான் நெஞ்சு வெடிக்கக் கேட்டதை விட்டுவிட்டது. இந்த வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும்போதெல்லாம் எனக்கு அவள் பின்னல்தான் ஞாபகம் வரும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூட இருந்தது. கொடுக்கவில்லை. பயம்.

முடியைக் கொடுத்துத் தொலைத்துவிட்டு வந்துவிடலாம் என்று அப்போதே கிளம்பினேன். அத்தைதான் தடுத்தார். "எழவு உழுந்த ஊடு மாப்ள. வருஷம் திரும்பாம மலை ஏறக் கூடாது." வருஷம் திரும்பி, திதியும் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு போன வாரம்தான், எப்போது போகலாம் என்று பேசும்போதுதான், அந்த வார்த்தையைச் சொன்னார். "உங்ககிட்ட வாணி சொன்னாளா?" என்று கேட்டேன். "சொல்லோணுமா?" என்றார். அப்படியென்றால் சொல்லவில்லை. சாட்சி இல்லை. அப்புறம் என்ன?

என் முடியா? அது நான் நேர்ந்ததில்லை. வாணிதான் என் முடியையும் சேர்த்து நேர்ந்துவிட்டாள். அன்றைக்குப் பிரகாரத்தில்தான் சொன்னாள். "வேலை கெடச்சா உங்க முடியும் முருகனுக்குத்தான். ஆனா கெடச்ச உடனே ஓடி வந்துராதீங்க. ஒரு வருஷம் போகட்டும். ஒரு வருஷம் வளத்திட்டு, அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க."

"நீ?" என்றேன்.

சந்தனத் தலையைத் தடவிக்கொண்டு, "நான்தான் குடுத்துட்டனே" என்றாள்.

வெள்ளந்தி அண்ணா அவள். வேண்டுதல் முறையெல்லாம் அவளுக்கு...

என்ன? ஆமாம். பலித்தால் உடனே செலுத்த வேண்டும். தள்ளிப்போடக் கூடாது. தெரியும், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஏன் ஒரு வருஷம் என்றால்... முடி வளரட்டும் என்று சொல்லியிருப்பாள். இல்லை, முடி அப்போதே இருந்தது, கொடுக்கிற அளவுக்கு இருந்தது.

அவளுக்கு முறை தெரியாது என்று சொல்ல முடியாது. அவள் அப்பா இறந்த வருஷம் பழனிக்கு வந்து அடிவாரத்தோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது என்று அம்மா விடவில்லை, எனக்கு அழுகையாக வந்தது என்று சொல்லியிருக்கிறாள். எழவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருஷம். அது அவளுக்குத் தெரியும்.

வேலை கிடைத்ததும் ஓடி வந்துவிடாதீர்கள். ஒரு வருஷம் போகட்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் அண்ணா. சொல்லுங்கள் என்று நான்தான் கேட்டேன். வேண்டாம்.

வாணி கணக்கில் தப்பு விடுகிற ஆள் இல்லை.

அதோ, மலை தெரிகிறது. அத்தை கையெடுத்துக் கும்பிடுகிறார் பாருங்கள். திரும்பிப் பார்க்கிறார். என்னைத்தான் பார்க்கிறார். அந்தக் கூடையில் புளிச்சோறு இருக்கிறது. காலையில் இரண்டு பொட்டலம் கட்டினார், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். இவ்வளவு தூரம் வந்தும் அவர் இன்னும் பிரிக்கவில்லை.

தாராபுரத்தில் இறங்கியவருடைய இடம் அவர் பக்கத்தில் காலியாகத்தான் கிடக்கிறது. காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள் அண்ணா, நான் முன்னால் போகிறேன்.